ரெக்கார்டர் வகுப்பில் கோளாறு எங்கே? சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் ரெக்கார்டருமாக (நுனியை வாயில் வைத்து நேராக ஊதுகிற குழல்) இசை சொல்லித்தருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் எந்தச் சத்தம் தொல்லை தருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டரில் கேட்கிற பிழையை ரெக்கார்டரை வாயில் வைத்துக்கொண்டே திருத்துவது கஷ்டம். "இன்னொரு தடவை ஊது" என்றால் அதே பிழை இன்னொரு தடவை வரும், அவ்வளவுதான். குழலை இறக்கிவிட்டு, பாடியோ விளையாடியோ சரிசெய்துவிட்டு, அப்புறம் குழலுக்குத் திரும்ப வேண்டும். கீழே வருகிற வைத்தியம் பெரும்பாலும் இந்த வகைதான்.

பள்ளிகளில் வாங்குவது சொப்ரானோ என்ற, உயர்ந்த சுருதியில் ஒலிக்கிற சின்ன ரெக்கார்டர். முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. இடது கை மேலே, வலது கை கீழே. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பெரும்பாலும் மேற்கத்திய இசையின் பி, ஏ, ஜி என்ற மூன்று சுரங்களில்தான் தொடங்கும். ஜி-யை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது நம் கணக்கில் ஐந்து கட்டை சுருதி. அப்போது ஜி, ஏ, பி என்பது ஸ, ரி, க ஆகிவிடும். கீழே இருக்கிற ஈ, டி இரண்டும் மந்தர ஸ்தாயி (ஸ-வுக்குக் கீழே உள்ள) த, ப. ஆக, ஐந்தே விரலடைப்பில் மோகன ராகத்தின் ஐந்து சுரமும் கைக்கு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் காதில் மோகனம் ஏற்கனவே ஊறிப்போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறெங்கோ தொடங்க எனக்கு மனசு வருவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஸ, ரி, க கணக்கிலேயே பேசுகிறேன்.

ஊதினால் கீச்சென்று அலறுகிறது

அடிக்கடி வருகிற புகார் இதுதான். அடிக்கடி தவறாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். கீச்சொலி கேட்டதும் நாம் "மெதுவா ஊது" என்கிறோம். பிள்ளை மெதுவாக ஊதுகிறது. இப்போது மெதுவாகக் கீச்சிடுகிறது.

முதலில் விரலா மூச்சா என்று பிரியுங்கள். பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு அதன் குழலின் துளைகளை உங்கள் விரலால் அடையுங்கள். பிள்ளை ஊதட்டும். சத்தம் சுத்தமாக வந்தால் அதன் மூச்சில் குறை இல்லை, விரலில்தான் கசிவு. உங்கள் விரல் இருந்தும் அலறினால் மூச்சுதான் காரணம். அரை நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் எதைச் சொன்னாலும் அது குருட்டு யோசனை.

விரல்தான் என்று தெரிந்தால் குழலை வாயிலிருந்து எடுக்கச் சொல்லி, ஸ-வுக்கான துளைகளை ஐந்து எண்ணும்வரை அழுத்தமாக மூடவைத்து, "எங்க, விரலைக் காட்டு" என்று கேளுங்கள். விரல் சதையில் துளையின் அச்சு பதிந்திருக்கும். முழு வட்டம் என்றால் சரி. பிறை மாதிரி பாதி வட்டம் என்றால் அந்த விரலில்தான் காற்று போகிறது. இடது மோதிர விரலில்தான் இந்தப் பிறை அதிகம் தெரியும்; அடுத்தது பின்துளைக் கட்டைவிரல். பிள்ளைகள் விரல் நுனியால் குத்தி மூடப் பார்ப்பார்கள். நுனிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிற மெத்தென்ற சதையால் மூட வேண்டும் என்பதை வாயால் சொன்னால் போதாது. அச்சைப் பார்த்தால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். பக்கத்துப் பிள்ளையின் விரலில் வட்டமா பிறையா என்று சோதிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்துவிடலாம். சத்தமே இல்லாத விளையாட்டு, அடுத்த வகுப்பு ஆசிரியரும் வாழ்த்துவார்.

அழுத்தினால் அச்சு விழும் என்று தெரிந்ததும் சில பிள்ளைகள் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார்கள். அது சோதனைக்கு மட்டும். வாசிக்கும்போது துளை மூடினால் போதும், நசுக்க வேண்டாம்.

மூச்சுதான் காரணம் என்றால், ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டு, அது லேசாகச் சாய்ந்து அப்படியே நிற்கும்படி ஊதவிடுங்கள். பறந்தால் தோற்றார்கள், நேராகத் தொங்கினாலும் தோற்றார்கள். யார் காகிதம் அதிக நேரம் சாய்ந்தபடி நிற்கிறதோ அவருக்கு வெற்றி. அந்த மூச்சு அடங்கியதும் அதே மூச்சில் குழலை எடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாச் சுரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது

நாக்கு வேலை செய்யவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் 'து' என்று தொட்டு ஆரம்பிக்க வேண்டும். குறில் 'து' என்பது முக்கியம். நெடிலாகத் 'தூ' என்று சொல்லச் சொன்னால் வகுப்பே துப்பிக் காட்டிச் சிரிக்கும், அன்றைய பாடம் அதோடு சரி. குழல் இல்லாமல் நீங்கள் ஒரு தாளக்கட்டை 'து து துதுது' என்று சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் குரலே இல்லாமல், வெறும் நாக்கும் மூச்சும் மட்டும். அப்புறம் குழலில் ஒரே சுரத்தில். ரி ஒன்று போதும், சுரத்தை மாற்றாதீர்கள்.

சில பிள்ளைகள் நாக்குக்குப் பதில் தொண்டையில் 'ஹு ஹு' என்று வெட்டுவார்கள். சத்தம் பிரிந்துதான் கேட்கும், ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். வயிறு குலுங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ வரை நன்றாக வருகிறது, கீழே த, ப போனதும் எல்லாம் போச்சு

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலில் கையைப் பாருங்கள். வலது கை மேலே இருக்கிறதா? க, ரி, ஸ மூன்றுக்கும் ஒரு கை போதும் என்பதால், கை மாறியிருந்தாலும் வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. மோகனத்தில் கீழே இறங்கும் அன்றுதான் வெளியே வரும். இடது கைப்பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கும் இடது கைதான் மேலே. இந்தக் குழலில் கடைசித் துளையே வலது சுண்டுவிரலுக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து ஸ்டிக்கர் பொட்டு. இடது கட்டைவிரல் நகத்தில் ஒன்று, குழலின் பின்துளைக்கு மேலே ஒன்று. "பொட்டும் பொட்டும் பார்க்கணும்" என்று சொன்னால் போதும். மூன்றாம் வகுப்புப் பையன்கள் பொட்டு வேண்டாம் என்று முறைத்தால் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுங்கள்.

கை சரியாக இருந்தால் இரண்டாவது காரணம்: வலது விரல்கள் இறங்கும்போது இடது மோதிர விரல் தூக்கிக்கொள்கிறது. ஸ-விலிருந்து கீழ் த-வுக்குப் போக வலது கையில் இரண்டு விரல்களை ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். எட்டு வயதுக் கைக்கு இது பெரிய காரியம். கவனம் முழுக்க வலது பக்கம் போனதும் இடது கை தன் பிடியை விட்டுவிடுகிறது. குழலைத் தாடையில் முட்டுக்கொடுத்து, ஊதாமல், "ஸ... த... ஸ... த..." என்று பாடிக்கொண்டே விரலை மட்டும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பாடுகிற வாய் ஊதாது என்பதால் வகுப்பில் அமைதி, உங்களுக்கும் ஒவ்வொரு கையாகப் பார்க்க நேரம் கிடைக்கும். விரல்கள் துளைமேல் விழும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். இரண்டு விரலுக்கும் ஒரே 'டப்' கேட்க வேண்டும். 'டடப்' என்று கேட்டால் ஒன்று முந்துகிறது.

மூன்றாவது மூச்சு. கீழ்ச் சுரங்களுக்கு மேல்ச் சுரங்களைவிட மெல்லிய, சூடான மூச்சு வேண்டும். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவோமே, கிட்டத்தட்ட அந்த மூச்சு. க-வுக்கு ஊதிய வேகத்திலேயே ப-வுக்கும் ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும்.

இதில் கீழ் ப-வுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. பல குழல்களில் ஆறாவது துளை ஒன்றாக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டித் துளைகளாக இருக்கும். வலது மோதிர விரல் அதில் ஒன்றை மட்டும் மூடினால் ப-வுக்குப் பதில் அரைச்சுரம் கூடுதலாக வரும். கீச்சிடாது, சுத்தமாகவே ஒலிக்கும், ஆனால் தப்பான சுரம். ஒரு பிள்ளை மட்டும் இறங்குமிடத்தில் இடறுகிறதென்றால் அந்த விரலைப் பாருங்கள்.

காற்றுதான் வருகிறது, சுரம் வரவில்லை

"மிஸ், என்னோடது கெட்டுப்போச்சு" என்று குழலை நீட்டுவார்கள். பிளாஸ்டிக் ரெக்கார்டர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. சூடான மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டு நீராகி, காற்று போகிற ஒடுங்கிய பாதையை அடைத்திருக்கும். ஏசி போட்ட இசை அறையில் இது அதிகம்.

தலைப்பகுதியில் மேலே சதுரமாக ஒரு ஜன்னல் இருக்கிறதல்லவா, அதன்மேல் உள்ளங்கையையோ விரலையோ மெதுவாக வைத்து மூடிக்கொண்டு, வேகமாக ஒரே ஊது. ஜன்னல் மூடியிருப்பதால் கீச்சொலி வராது, தண்ணீர் தெறித்து வெளியேறும். ஜன்னலின் கூர்மையான விளிம்பில்தான் ஒலியே பிறக்கிறது, அதனால் அங்கே பின், பேனா முனை, பல்குத்தி எதையும் விடக்கூடாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காம்பஸ் முனையை விட்டுப் பார்ப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வராமல் தடுக்க, வகுப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துச் சூடேற்றவையுங்கள். அந்த நேரத்தில் பாட்டுப் பாடிவிடலாம், நேரமும் வீணாகாது. அடிக்கடி அடைக்கிற குழலுக்கு, பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதையில் ஓடவிட்டு, துடைக்காமல் உலரவிட்டால் நீர் முத்தாகக் கோர்க்காமல் வழிந்துவிடும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் உள்ளே பிஸ்கட் தூள் இருக்கலாம். இடைவேளைக்கு அடுத்த பீரியடில் ரெக்கார்டர் வகுப்பு வைத்தால் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வது உத்தமம்.

எஃப் மட்டும் ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறது

பாதிப் பேருக்குச் சரியாக, பாதிப் பேருக்குக் கொஞ்சம் தூக்கலாக. எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சேராது. இதில் பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. வகுப்பில் இரண்டு வகைக் குழல்கள் கலந்துவிட்டன.

ரெக்கார்டரில் பரோக் விரலடைப்பு, ஜெர்மன் விரலடைப்பு என்று இரண்டு உண்டு. 1920-களில் ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் என்ற கருவிக் கைவினைஞர் கொண்டுவந்தது ஜெர்மன் முறை. அதில் எஃப் எளிது: பின்துளையும் மேலிருந்து நான்கு துளையும் மூடினால் போதும். பரோக்கில் அதோடு கீழே ஆறாவது, ஏழாவது துளைகளையும் மூட வேண்டும், ஐந்தாவது மட்டும் திறந்திருக்கும். எஃப்-இல் மிச்சம் பிடித்ததற்கு ஜெர்மன் முறை வேறு இடத்தில் விலை கொடுக்கிறது. எஃப் ஷார்ப் (எஃப்-ஐவிட அரைச்சுரம் மேலே) போன்ற சில சுரங்கள் அதில் சுருதி சேருவது சிரமம்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, முன்பக்கத்தில் நான்காவது, ஐந்தாவது துளைகளை ஒப்பிடுங்கள். ஐந்தாவது சிறியதாக இருந்தால் ஜெர்மன், நான்காவது சிறியதாக இருந்தால் பரோக். சில குழல்களின் பின்புறத்தில் ஆங்கில ஜி அல்லது பி எழுத்து பொறித்திருக்கும். யமஹாவில் ஒய்ஆர்எஸ்-23 ஜெர்மன், ஒய்ஆர்எஸ்-24பி பரோக். பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் மொத்த வகுப்புக்கும் பரோக் வாங்குங்கள் என்பது என் கட்சி. எஃப் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் இதே குழலோடு பிள்ளை மேலே படிக்கப் போனால் விரலை மாற்றிப் பழக வேண்டாம். ஏற்கனவே ஜெர்மன் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை, எல்லோரிடமும் ஒரே வகையாக இருக்கட்டும். இரண்டும் கலந்தே கிடக்கிறது, மாற்றப் பணமும் இல்லை என்றால் பழைய வழி இருக்கவே இருக்கிறது: ஐந்து கட்டை மோகனத்தில் எஃப் வரவே வராது. ஒரு பருவம் முழுக்க அந்தச் சுரத்தின் பக்கமே போகாமல் ஓட்டலாம்.

மலேசியத் தொடக்கப் பள்ளிகளின் இசைக்கல்விப் பாடத்திட்டத்தில் ரெக்கார்டர் உண்டு. அங்கே தமிழ்ப் பள்ளியில் சொல்லித்தருகிறவர்களுக்கு இப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது, பாடத்திட்டத்தில் உள்ள சுரங்களை முடித்தாக வேண்டும். அவர்கள், பிள்ளைகளின் அண்ணன், அக்காவிடமிருந்து வந்த பழைய குழல்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே துளை பார்த்துப் பிரித்துவிடுவது நல்லது.

சரளி வரிசை ரெக்கார்டரில் வேறு மாதிரிக் கேட்கிறது

சாயங்காலம் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். அது எல்லாத் துளையையும் மூடி, அங்கிருந்து ஒவ்வொரு சுரமாக ஏறி, "எங்க டீச்சர் சொல்லித்தர்ற மாதிரி இல்லையே" என்று முகத்தைச் சுளிக்கும். அதன் காது மிகச் சரி.

பாட்டு வகுப்பின் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில். ரெக்கார்டரில் கீழ் சி-யிலிருந்து ஷார்ப், ஃபிளாட் (அரைச்சுரம் ஏற்றியது, இறக்கியது) இல்லாமல் நேராக ஏறினால் கிடைப்பது ஒரு கட்டையில் சங்கராபரண ராகம். க, ம, ப, நி நான்கும் இரண்டிலும் ஒன்றுதான். ரியும் தவும் மாறுகின்றன. மாயாமாளவகௌளையில் அவை சுத்த ரிஷபம், சுத்த தைவதம், இங்கே அவற்றைவிட அரைச்சுரம் உயர்ந்த சதுச்ருதி. சுத்த ரிஷபத்துக்கு ரெக்கார்டரில் கடைசித் துளையைப் பாதி மூட வேண்டும், சின்ன விரலால் அது ஆகிற காரியமில்லை.

இதைத் திருத்த முயல வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை வாயால் மாயாமாளவகௌளையைப் பாட, நீங்கள் குழலில் சங்கராபரணத்தை வாசியுங்கள். எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அங்கே மற்ற பிள்ளைகள் கை தூக்கட்டும். ராகத்தின் பெயரே தெரியாத பிள்ளைகளும் இரண்டாவது சுரத்தில் கை தூக்கிவிடுவார்கள்.

பாடச் சொன்னால் உறுமுகிறார்கள், இல்லையென்றால் கத்துகிறார்கள்

உறுமல் என்றால் சுருதி இறங்கியிருக்கிறது. ஆண் ஆசிரியர்கள் தங்களுக்குச் சௌகரியமான ஒன்று, ஒன்றரைக் கட்டையில் தொடங்கினால், எட்டு வயதுப் பிள்ளை அந்தக் குரலையே அப்படியே பிடிக்கப் பார்த்துத் தொண்டையில் உரசும். பெண் ஆசிரியர்களிடம் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வகுப்பு வகுப்பாகப் பேசித் தொண்டை களைத்த மதியத்தில் அவர்களும் தம்மை அறியாமல் சுருதியை இறக்கிவிடுவதுண்டு. அந்த வயதுக்கு நடு சி-க்கு மேலுள்ள டி-யிலிருந்து அதற்கு மேல் பி வரைக்கும் வசதியான இடம். தொடங்குமுன் குழலிலோ ஹார்மோனியத்திலோ ஒரு தடவை சுரத்தைக் கேட்டுவிட்டுப் பாடுங்கள். ஆண் குரலாக இருந்தால், நீங்கள் ஒரு வரி பாடிக் காட்டிவிட்டு, ஒரு பிள்ளையைப் பாடவைத்து, மற்றவர்கள் அந்தப் பிள்ளையைப் பின்பற்றும்படி செய்வது இன்னும் நல்லது.

கத்தல் வேறு கதை. "பாடுங்கள்" என்றதும் "பலமாகப் பாடுங்கள்" என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள், ஆண்டு விழா மேடைக்கு நாமே பழக்கியது. இதற்குக் குயில் விளையாட்டு. ஒருவர் அறையின் ஒரு மூலையிலிருந்து 'கூ...கூ' என்று கீழிருந்து மேலே இழுத்துக் கூவ, எதிர் மூலையிலிருந்து இன்னொருவர் அதே இடத்தைத் தொட்டுப் பதில் கூவ வேண்டும். நிஜக் குயிலை யாராவது பதிலுக்குக் கூவிச் சீண்டியிருந்தால், அது ஒவ்வொரு தடவையும் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போவது தெரியும். பிள்ளைகளும் அப்படியே ஏற்றட்டும். கத்திக்கொண்டே அவ்வளவு உயரத்துக்குப் போக முடியாது, குரல் தானாக மெலிந்து மேலே ஏறும். அந்த மெல்லிய குரலில் உடனே பாட்டைத் தொடங்கிவிடுங்கள், ஆறவிடாதீர்கள்.

எந்தச் சுரத்தையும் பிடிக்காமல் ஒரே தொனியில் பாடுகிற பிள்ளையை "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அந்தப் பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அந்தச் சுரத்துக்கு நீங்கள் இறங்கிப் போங்கள். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அது ஒரு தடவை உணரட்டும். அங்கிருந்து அரைச்சுரம், அரைச்சுரமாக மேலே கூட்டி வரலாம். ஒரு நாளில் ஆகாது.

வேகம் கூடிக்கொண்டே போகிறது

எங்கே கூடுகிறது என்று கவனியுங்கள். சுரங்கள் இருக்கிற இடத்தில் பெரும்பாலும் கூடாது. ஒன்றுமில்லாத இடத்தில், நீட்டி நிற்க வேண்டிய இடத்தில்தான் பாய்வார்கள். சும்மா இருப்பதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். நம் தாளத்தில் இதற்கு வழி இருக்கிறது: ஆதி தாளத்தில் துருதம் என்ற பகுதியில் ஒரு தட்டு, ஒரு வீச்சு. வீச்சில் சத்தம் இல்லை, ஆனால் கை நகர்கிறது. பாட்டில் மௌனம் வருமிடத்தில் எல்லாம் கையை வீசச் சொன்னால் அந்த இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். குழல் கையில் இருக்கும்போது கை வீச முடியாது, அப்போது குழலின் கீழ் நுனியைக் கொஞ்சம் தூக்கி இறக்கட்டும்.

தாளக்கட்டைச் சொல்லாகவே பழக்குவதும் உதவும். தக என்றால் இரண்டு, தகிட மூன்று, தகதிமி நான்கு. நாலைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, நீங்கள் காட்டும் விரல் எண்ணுக்கு ஏற்ற சொல்லைச் சொல்லிக் கைதட்ட வேண்டும். ஐந்து விரலைக் காட்டினால் 'தகதகிட' என்று தாங்களே ஒட்டிக்கொள்வார்கள், சொல்லித்தரத் தேவையிருக்காது.

நான் பேசும்போதும் ஊதிக்கொண்டே இருக்கிறார்கள்

நாற்பது குழல் கையில் இருக்கிற வகுப்பில் "அமைதி" என்று கத்துவதில் பயனில்லை. குழலுக்கு ஒரு இடம் வேண்டும். தாடையில் வைத்தால் 'தயார்', மடியில் கிடந்தால் 'ஓய்வு', உதட்டில் வைத்தால் மட்டும் ஊதலாம். இந்த மூன்று சொல்லையும் வேகமாக மாற்றி மாற்றிச் சொல்லி, தவறியவர் அவுட் என்று முதல் வகுப்பிலேயே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் அப்புறம் ஆண்டு முழுக்க ஒரு சொல் போதும். வரிசை மாற்றி, ஒரு வரிசை ஊத மற்றொரு வரிசை சுரம் சொல்லிப் பாடட்டும். எல்லோரும் சேர்ந்து ஊதுகிற நேரம் மொத்தப் பீரியடில் கால் பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வேன்.

ஓடுகிற விளையாட்டுகளில் குழல் வாயில் இருக்கவே கூடாது. குலை குலையா முந்திரிக்காய் ஆடலாம்: வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் 'க ரி ஸ' என்று திரும்பத் திரும்ப ஊத, சுற்றி ஓடுகிறவர் கையில் துணி மட்டும். துணி விழுந்த பிள்ளை குழலைத் தரையில் வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். வைக்காமல் எழுந்தால் அவுட். குழலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடித் தடுக்கி விழுந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழல் வாங்க வழியில்லை

பள்ளி வளாகத்தில் பூவரச மரம் இருந்தால் பீப்பீயிலிருந்து தொடங்குங்கள். இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி உதட்டில் வைத்து ஊதினால் பீப்பீ கத்தும். கத்தவில்லை என்றால், இலை முற்றியிருக்கலாம், நடுத்தரப் பச்சை இலையாகப் பாருங்கள்; சுருள் தளர்ந்திருக்கலாம்; பெரும்பாலும் வாய்வைக்கும் முனை போதிய அளவு தட்டையாகியிருக்காது. அந்த முனையில் இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஊதும்போது அவை அதிர்வதுதான் சத்தம். நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதுகிற சீவாளியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ரெக்கார்டரில் அதிரும் நாக்கு எதுவும் இல்லை, காற்று ஜன்னல் விளிம்பில் மோதி ஒலிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் துளைக்கருவிகளில் உள்ள பெரிய பிரிவு ஒரே பீரியடில் புரிந்துவிடும். நீண்ட சுருளைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே ஊதச் சொல்லுங்கள், சுருதி ஏறுவதைக் கேட்பார்கள்.

மூங்கில் புல்லாங்குழல் வாங்கினால் வேறு தொல்லை: முதல் சில வாரம் சத்தமே வராது, பிள்ளை மயக்கம் வருகிறது என்று உட்கார்ந்துவிடும். உதட்டைக் குவித்துக் காற்றை ஓட்டையின் எதிர் விளிம்பில் செலுத்தப் பழக வேண்டும். காலி பாட்டிலின் வாயில் குறுக்கே ஊதிப் பழகியபின் குழலைக் கொடுங்கள். நீளமான குழலில் துளைகளுக்கிடையே தூரம் அதிகம், சிறு கைக்கு எட்டாது. சுருதி கூடிய குட்டைக் குழலாகப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இது சரிவராது. ஆர்வமுள்ள நாலு பேருக்குத் தனியாகச் சொல்லித்தரலாம்.

குழலில் வாடை வருகிறது, மூட்டு கழலவில்லை

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரித்து நிழலில் உலரவிட வேண்டும். கொதிநீர் வேண்டாம், வெயிலில் நிற்கிற காரிலும் விட வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். இறுகிய மூட்டை நேராக இழுக்காமல் திருகியபடி இழுங்கள். கூட வந்த சின்ன டப்பாவில் இருக்கும் கிரீமைத் துளி தடவினால் போதும்; அதைக் காணோம் என்றால் வாசலின். ஒருவர் குழலை இன்னொருவர் ஊதுவது கூடாது. மறந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அன்று விரல் பிடித்துப் பாடுகிற வேலை, அல்லது தாளம் போடுகிற வேலை. பேனாவைக் குழலாகப் பிடித்துக்கொண்டு விரலடைப்பை மட்டும் பழகினாலும் அந்தப் பீரியட் வீணில்லை.

வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்று பெற்றோர் சொன்னால் இதையே அவர்களுக்கும் சொல்லுங்கள்: குழல் தாடையில், சுரம் வாயில், விரல் துளையில். ஊதிக் காட்டுவது ஒரு தடவை மட்டும், சாப்பாட்டுக்கு முன்னால்.